கடைசியில்தான் எஞ்சின்

1978 பிப்ரவரியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு வீட்டுத் தோட்டத்தைக் காவல்துறையினர் தோண்டியபோது, மண்ணுக்குள்ளிருந்து ஒரு ஃபெராரி டினோ 246 ஜிடிஎஸ் கார் வெளிவந்தது. 1974 டிசம்பரில் திருட்டுப்போனதாகப் புகார் கொடுக்கப்பட்ட கார் அது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் பூமிக்கடியில் கிடந்தும் அது அழிந்துவிடவில்லை. பிறகு கைமாறி, சீரமைக்கப்பட்டு, சாலைக்குத் திரும்பியது. பழைய கார்களை விரும்புகிறவர்களிடையே இந்தக் கதை இன்றும் உலவுகிறது. இதைப்போல் நூற்றுக்கணக்கான கதைகள் உண்டு. எல்லாவற்றிலும் உச்சக் காட்சி ஒன்றுதான். தூசி படிந்த உறையை விலக்குகிறார்கள், புது பேட்டரி மாட்டுகிறார்கள், சாவியைத் திருகுகிறார்கள், எஞ்சின் இருமிவிட்டு உறுமுகிறது, சுற்றி நிற்பவர்கள் கைதட்டுகிறார்கள். அந்த மகிழ்ச்சி எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வரிசை தவறு. பல ஆண்டுகள் நின்றுபோன ஒரு காரில், குறிப்பாக நடு எஞ்சின் ஸ்போர்ட்ஸ் காரில், எஞ்சின் கடைசியாகத்தான் ஸ்டார்ட் ஆகவேண்டும். நிற்கவும், தீப்பிடிக்காமல் இருக்கவும், சூடேறாமல் இருக்கவும் கார் தயாரான பிறகுதான் அதற்கு ஓடும் உரிமை வருகிறது.

நடு எஞ்சின் கார் என்பதில் எஞ்சின் முன்பக்க பானட்டுக்குள் இருக்காது. ஓட்டுநரின் முதுகுக்கும் பின்சக்கர அச்சுக்கும் நடுவே இருக்கும். பந்தயத்தில் இந்த அமைப்பின் பலத்தை உலகம் ஏற்றுக்கொண்டது 1959இல், ஜாக் பிரபாம் கூப்பர் காரில் ஃபார்முலா ஒன் பட்டம் வென்றபோது. சாலைக் கார்களில் 1966இல் லம்போர்கினி மியூரா வந்தது. 1969இல் போர்ஷே 914, 1972இல் ஃபியட் எக்ஸ் 1/9, 1975இல் ஃபெராரி 308, 1984இல் டொயோட்டா எம்ஆர்2 என்று அது மெல்ல மெல்ல நடுத்தர வருமானக்காரர்களின் கைக்கும் எட்டியது. காரிலேயே மிகக் கனமான பொருள் நடுவில் இருப்பதால் வளைவில் கார் சட்டென்று திரும்புகிறது. இதற்குக் கொடுக்கும் விலை வேறு இடத்தில் இருக்கிறது. ரேடியேட்டர் பெரும்பாலும் மூக்கில், எஞ்சின் முதுகில். இரண்டையும் இணைக்கும் தண்ணீர்க் குழாய்கள் காரின் நீளம் முழுக்க ஓடவேண்டும். கியர், கிளட்ச் இணைப்புகளும் அப்படியே. எஞ்சினைப் பார்க்க ஒரு சின்ன மூடிதான் இருக்கும். பாதிப் பாகங்கள் கண்ணுக்கே தெரியாது. ஓடும்போது இவை சின்னச் சங்கடங்கள். நின்றுபோன காரிலோ ஒவ்வொன்றும் ஒரு கேள்வி.

நின்றுகொண்டிருக்கும் கார் ஓய்வெடுக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உலோகம் ஓரளவு ஓய்வெடுக்கலாம். திரவங்களும் ரப்பரும் ஓய்வெடுப்பதில்லை. முதலில் கெடுவது பெட்ரோல். எளிதில் ஆவியாகும் பகுதிகள் முதலில் போய்விடுகின்றன. மிஞ்சியது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, பலாப்பால்போல் ஒட்டும் பிசினாக மாறுகிறது. ஃபெராரி 308இன் தொடக்க மாடல்களில் நான்கு வெபர் கார்புரேட்டர்கள் உண்டு. அவற்றிலுள்ள தலைமுடி நுழையும் அளவு துளைகளை இந்தப் பிசின் அடைத்துவிடும். 1980க்குப் பிறகு வந்த 308களில் கார்புரேட்டருக்குப் பதில் பாஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக் அமைப்பு. அதில் பெட்ரோலைப் பங்கிடும் சின்னத் தண்டு நுண்ணிய இடைவெளியில் மேலும் கீழும் நகரவேண்டியது. பழைய பெட்ரோல் அதை அப்படியே இறுக்கிப் பிடித்துவிடும். எத்தனால் கலந்த பெட்ரோலில் சிக்கல் இன்னும் கூடுதல். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். இந்தியாவில் இப்போது பங்க்குகளில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் விற்கப்படுவதால், ஸ்போர்ட்ஸ் கார் இல்லாதவர்களும், வெளிநாடு போகும்போது வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டுச் செல்பவர்களும், இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆகவே முதல் வேலை டேங்கைக் காலிசெய்து, கழற்றி, உள்ளே பார்ப்பது. அடுத்தது டேங்கிலிருந்து எஞ்சின்வரை போகும் ஒவ்வோர் அங்குல ஹோஸையும் மாற்றுவது. ‘பார்ப்பதற்கு நன்றாகத்தானே இருக்கிறது’ என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. ரப்பர் உள்ளிருந்தும் கெடும். 1970களில் செய்த ஹோஸ்கள் எத்தனாலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவையும் அல்ல. போர்ஷே 914ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெட்ரோல் டேங்க் முன்னால் இருக்கிறது, எஞ்சின் பின்னால். இடையே பெட்ரோலைக் கொண்டுபோவது, இருக்கைகளுக்கு நடுவிலுள்ள சுரங்கம் போன்ற பகுதிக்குள் ஓடும் பிளாஸ்டிக் குழாய். அரை நூற்றாண்டில் அந்த பிளாஸ்டிக் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடுகிறது. அதே காரில் பேட்டரி எஞ்சின் அறையின் வலது மூலையில் இருக்கிறது. அதிலிருந்து கசியும் அமிலம் கீழே உள்ள தகட்டையும், அதற்கும் கீழே பின்சக்கரத் தாங்கி பொருந்தும் இடத்தையும் அரித்துவிடும். 914 வைத்திருப்பவர்கள் அந்த மூலையை நரகக் குழி என்றே அழைக்கிறார்கள். எஞ்சின் அழகாக ஓடும் ஒரு 914இன் பின்சக்கரம் துருப்பிடித்த தகட்டில் தொங்கிக்கொண்டிருக்கலாம். எஞ்சின் சத்தம் அதைச் சொல்லாது.

தீ பற்றிய அச்சம் மிகையல்ல. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1984இல் பாண்டியாக் ஃபியரோ என்ற நடு எஞ்சின் காரைக் கொண்டுவந்தது. முதல் ஆண்டு மாடல்கள் சில தீப்பிடித்தன. எஞ்சின் ஆயில் குறைந்த நிலையில் கனெக்டிங் ராட் உடைந்து, வெளியேறிய ஆயில் சூடான எக்ஸாஸ்ட்டில் பட்டது காரணங்களில் ஒன்று. கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2010இல் ஃபெராரி 458 இத்தாலியாவும் எஞ்சின் அறைச் சூட்டில் ஒரு பசை உருகித் தீப்பிடித்ததால் திரும்ப அழைக்கப்பட்டது. இரண்டும் பழைய கார்களல்ல, புதிதாக விற்கப்பட்டவை. முன்பக்க எஞ்சின் உள்ள காரில் எதிர்க்காற்று எஞ்சின் அறைக்குள் வந்து மோதும். புகை வந்தால் ஓட்டுநரின் கண்முன்னே வரும். நடு எஞ்சின் காரில் சூடு ஓர் இறுகிய அறைக்குள் தேங்குகிறது, தீ தொடங்குவதும் முதுகுக்குப் பின்னால். பின்னால் வருகிறவர் விளக்கை மின்னிக் காட்டும்வரை ஓட்டுநருக்குத் தெரியாமலே போகலாம். புதிய கார்களுக்கே இப்படியென்றால், முப்பது வருட ஹோஸை நம்பி முதல்முறை சாவி திருகுவதை நியாயப்படுத்த எனக்கு எந்த வாதமும் கிடைக்கவில்லை.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். கூலன்ட்டில் துருவைத் தடுக்கும் மருந்துகள் கலந்திருக்கும். அவை சில ஆண்டுகளில் வலுவிழந்துவிடும். அதன்பின் அந்தத் திரவமே அலுமினியத்தை அரிக்கத் தொடங்கும். ரேடியேட்டர் முன்னாலும் எஞ்சின் பின்னாலும் இருக்கும் ஃபியட் எக்ஸ் 1/9, ஃபெராரி 308 போன்ற கார்களில் பழைய கூலன்ட்டை எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றினால் மட்டும் போதாது. நீண்ட குழாய்களில் எங்காவது காற்று சிக்கிக்கொள்ளும். அதைக் காற்று வெளியேற்றும் திருகுகள் வழியே பொறுமையாக வெளியேற்றவேண்டும். இல்லாவிட்டால் எஞ்சினுக்குள் ஒரு பகுதி தண்ணீரே இல்லாமல் கொதிக்கும். அந்த வேளையில் டாஷ்போர்டின் வெப்பமானி அமைதியாக இருப்பதும் உண்டு; அதன் உணரி தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியான அளவு காட்டும். காற்றுக்குமிழில் நின்றால் அது காட்டும் எண்ணை நம்ப முடியாது.

இத்தனைக்கும் பிறகே எஞ்சின். அப்போதும் சாவி அல்ல, ஸ்பானர். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் இறுக்கம் தளர்த்தும் எண்ணெய் கொஞ்சம் விட்டு, சில நாள் ஊறவிட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் மாட்டிக் கையால் மெதுவாகச் சுற்றவேண்டும். நிற்கும் எஞ்சினில் சில வால்வுகள் திறந்த நிலையிலேயே நின்றிருக்கும். அவற்றின் வழியே ஈரக்காற்று நுழைந்து சிலிண்டர் சுவரில் துரு வளையம் போட்டிருக்கலாம். கை உணரும் தடங்கலை செல்ஃப் மோட்டார் உணராது, உடைத்துக்கொண்டு போய்விடும். 308இல் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதன் வி8 எஞ்சினின் நான்கு கேம்ஷாஃப்ட்டுகளை இரண்டு பல் பெல்ட்டுகள் சுழற்றுகின்றன. பெல்ட் அறுந்தால், அல்லது ஒரு சில பற்கள் நழுவினாலே, மேலே வரும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வில் மோதும். சில நொடிகளில் எஞ்சின் பாழ். இந்த பெல்ட்டுகளை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம், கார் ஒரு கிலோமீட்டர்கூட ஓடாவிட்டாலும். ஓடாத காரில் பெல்ட் ஒரே வளைவில் பல வருடம் மடிந்து நின்று அந்த உருவத்திலேயே இறுகிவிடுகிறது. அதை இழுத்துப் பிடிக்கும் பேரிங்கின் கிரீஸும் காய்ந்துவிடுகிறது. ஒருபோதும் ஓடாத கார் என்பதைப் பெருமையாகச் சொல்லி விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. பெல்ட் புதிதான பிறகு, பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்து ஆயில் பிரஷர் ஏறுகிறதா என்று பார்த்து, கம்ப்ரஷன் அளந்து, அதன்பின்தான் பெட்ரோலும் தீப்பொறியும்.

பிரேக் ஆயிலும் காற்றின் ஈரத்தைக் குடிப்பதுதான். டாட் 4 என்று தரப்படுத்தப்பட்ட புது ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது, 3.7 சதவீதம் ஈரம் ஏறிவிட்டால் கொதிநிலை 155 டிகிரி வரை இறங்கலாம் என்று தரவிதியே அனுமதிக்கிறது. மலைச்சாலை இறக்கத்தில் நாலு முறை அழுத்தி மிதித்தால் அந்தச் சூடு வந்துவிடும். ஆயில் கொதித்துக் குமிழானால் பெடல் தரைவரை போகும், கார் நிற்காது. அதே ஈரம் காலிப்பர் பிஸ்டனிலும் துரு ஏற்றியிருக்கும். வெளியே பழுதில்லாமல் தெரியும் பிரேக் ஹோஸ் உள்ளே வீங்கி, மிதிக்கும்போது ஆயிலை விட்டு, காலை எடுத்தபின் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்வதும் உண்டு. ஆயில், ஹோஸ், காலிப்பர் சீல் எல்லாம் புதிதாக வேண்டும்.

டயரில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் பட்டன் தேயாத டயர் புது டயர்போலவே தெரிகிறது. 2013 நவம்பர் 30 அன்று கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரிட்டாவில் நடிகர் பால் வாக்கர் பயணம் செய்த போர்ஷே கரேரா ஜிடி விபத்துக்குள்ளாகி, அவரும் ஓட்டியவரும் இறந்தனர். அதுவும் நடு எஞ்சின் கார். மணிக்கு 45 மைல் வரம்புள்ள சாலையில் 80 முதல் 93 மைல் வேகம், அதாவது ஏறத்தாழ 130 முதல் 150 கிலோமீட்டர், சென்றதே காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. அதே விசாரணை இன்னொன்றையும் குறிப்பிட்டது: காரின் டயர்கள் ஒன்பது ஆண்டு பழையவை, அது காரின் பிடியைப் பாதித்திருக்கக்கூடும். வேகத்தின் பழியை டயர்மீது போட இதை நான் சொல்லவில்லை. நடு எஞ்சின் காரின் இயல்பை இது தெளிவாகக் காட்டுகிறது. எடை நடுவில் குவிந்திருப்பதால்தான் அது சட்டென்று திரும்புகிறது. பிடி தவறினால் அதே காரணத்தால் சட்டென்று சுழன்றும்விடுகிறது. திருத்திக்கொள்ள ஓட்டுநருக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. இறுகிப்போன ரப்பர் அந்த நேரத்தையும் பறித்துக்கொள்ளும். டயரின் வயதை அறிவது எளிது: 2000க்குப் பின் தயாரான டயர்களின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 1409 என்றால் 2009ஆம் ஆண்டின் பதினான்காவது வாரம். பத்து ஆண்டைத் தாண்டிய டயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் காட்சிக்கு மட்டும்.

இதற்கெல்லாம் அனுபவசாலிகள் சொல்லும் முதல் மறுப்பு எனக்குத் தெரிந்ததே: ‘புது பெட்ரோல் ஊற்றி பேட்டரி மாட்டினோம், முதல் அடியிலேயே பிடித்துக்கொண்டது, நாலு வருடமாக ஓடுகிறது.’ உண்மையாகவே அப்படி ஓடிய கார்கள் உண்டு. ஆனால் எஞ்சின் பிடித்துக்கொள்வது காட்டுவது மூன்றைத்தான்: காற்று அழுந்துகிறது, பெட்ரோல் வருகிறது, தீப்பொறி இருக்கிறது. பெல்ட் இன்னும் எத்தனை சுற்று தாங்கும், ஹோஸ் எப்போது வெடிக்கும் என்பதை அது காட்டாது. அப்படிப் பிழைத்த கார்களின் கதைகளே பேசப்படுகின்றன. வால்வு வளைந்துபோய்ப் பாகம் பாகமாக விற்கப்பட்ட கார்களுக்குக் கதை சொல்ல ஆளில்லை. டொயோட்டா எம்ஆர்2இன் முதல் தலைமுறையில் இருந்த 16 வால்வு 4ஏ-ஜிஇ எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதா. அங்கே துணிச்சலுக்குத் தண்டனை குறைவு. 308இல் அதே துணிச்சல் எஞ்சினையே விலையாகக் கேட்கும். காருக்குக் கார் இந்தக் கணக்கு மாறுவதால்தான், ஒருவர் பிழைத்தார் என்பது இன்னொருவருக்கு ஆதாரமாகாது.

இரண்டாவது மறுப்பை நான் அதிக மரியாதையோடு பார்க்கிறேன். இத்தனையும் மாற்றினால் அது பழைய காரா என்று கேட்கிறார்கள். 2015 பிப்ரவரியில் பாரிஸில், பிரான்ஸின் மேற்குப் பகுதியில் பல ஆண்டுகள் கொட்டகைகளில் கிடந்த பயோன் குடும்பத்துக் கார்கள் ஏலத்துக்கு வந்தன. நடிகர் அலெய்ன் டெலோன் ஒருகாலத்தில் வைத்திருந்த ஃபெராரி 250 கலிஃபோர்னியா ஸ்பைடர் அதன் தூசியோடும் கீறலோடும் 1 கோடியே 60 லட்சம் யூரோவுக்கு மேல் போனது. தொடாத காருக்கு இன்று தனி மதிப்பு இருக்கிறது. அந்த மதிப்பு நியாயமானதுதான். ஒருமுறை உரித்த பெயின்ட் திரும்பி வராது, தோல் இருக்கையில் பதிந்த அரை நூற்றாண்டை எந்தப் பட்டறையும் செய்து தரமுடியாது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவாவின் டூரின் சாசனமும் கூடியவரை காப்பாற்று, குறைவாகத் தொடு, செய்ததை எழுதிவை என்றே வலியுறுத்துகிறது. ஆனால் பெட்ரோல் ஹோஸ், பெல்ட், டயர், பிரேக் சீல், ஆயில் ஆகியவை தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட அன்றே மாற்றப்படவேண்டியவை என்று எண்ணப்பட்டவை. ஒரு 308 முதல் பத்து ஆண்டு ஒழுங்காக ஓடியிருந்தாலே அவை பலமுறை மாறியிருக்கும். பெயின்ட்டையும் தோலையும் எழுத்துப் பொறித்த தகடுகளையும் தொடாமல் விடுங்கள். கழற்றிய ஹோஸை ஒரு பெட்டியில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். சாசனத்தின் சொல்லும் காக்கப்படும், ஓட்டுகிறவரின் உயிரும் காக்கப்படும்.

செலவு என்பது மூன்றாவது மறுப்பு. ஃபெராரி டெஸ்டரோஸாவில் பெல்ட் மாற்றவே எஞ்சினை வெளியே இறக்கவேண்டும்; 308இல் அப்படியே வைத்து மாற்றலாம். எக்ஸ் 1/9 போன்ற மலிவான காரில் இந்த வேலைகளின் மொத்தச் செலவு காரின் விலையையே தாண்டிவிடலாம். உண்மை. பணம் இல்லாவிட்டால் காரை நிறுத்தியே வையுங்கள் என்பதுதான் என் பதில்: டேங்கைக் காலிசெய்து, பேட்டரியைக் கழற்றி, டயரின் சுமையைக் குறைக்கத் தாங்கிகளில் ஏற்றி, எலி நுழையும் வழிகளை அடைத்து. மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதையும் விட்டுவிடுங்கள். பலரும் அன்போடு சொல்லும் யோசனை அது, ஆனால் கெடுதல். எரியும் பெட்ரோலிலிருந்து பிறக்கும் நீராவி வெளியேற எஞ்சின் முழுச் சூட்டுக்கு வரவேண்டும். பத்து நிமிடத்தில் அது வராது. தண்ணீர் ஆயிலிலும் சைலன்ஸரிலும் தங்கிவிடும்.

எழுப்பிய காரும் உடனே நெடுஞ்சாலைக்கு உரியதல்ல. காய்ந்து சுருங்கிய சீல்கள் சில முறை சூடேறி ஆறிய பிறகுதான் கசியத் தொடங்கும். ஆகவே முதல் சில ஓட்டங்கள் வீட்டைச் சுற்றியே இருக்கவேண்டும். ஒவ்வொன்றுக்குப் பின்னும் தரையில் சொட்டு பார்த்து, கிளாம்ப் இறுக்கி, முதல் நூற்றைம்பது கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றிவிடவேண்டும். இப்படி எழுப்பிய கார் ஒன்றை யாராவது விற்க வந்தால், எஞ்சின் ஓடும் வீடியோவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். டயரின் பக்கவாட்டு எண், பெல்ட் மாற்றிய ரசீது, பெட்ரோல் ஹோஸும் பிரேக் ஆயிலும் மாற்றிய தேதி, காரை மேலே தூக்கி எடுத்த அடிப்பகுதிப் படங்கள் ஆகிய நான்கையும் கேளுங்கள். தர முடியாதவரிடம் அந்தச் செலவு முழுவதையும் விலையில் கழித்துக் கேளுங்கள். குறைக்க மறுத்தால் வேறு கார் பாருங்கள்.